வெள்ளைப் புகையோடு அலோர் காஜா வரை

ஆயர் குரோவிலிருந்து அலோர் காஜாவுக்குப் போக எங்களுக்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. என் மனைவி மல்லிகாவின் அக்கா அதற்கு அப்பால் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். மீன் குழம்பு நன்றாக வைப்பார், அது போதும். ஆனால் போன சனிக்கிழமை கிளம்பியது குழம்புக்காக மட்டும் இல்லை, எங்கள் பழைய டீசல் வேனைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்தான். திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வருவதாக இருந்தது.

மல்லிகா ஆறு வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிறாள். வேனின் பின்கதவில் சாய்பலகை உண்டு. தானே சக்கரத்தைத் தள்ளி ஏறிக்கொள்வாள். கார் என்றால் யாராவது தூக்கி உட்கார வைக்க வேண்டும். கோலாலம்பூரிலிருக்கும் மகன், டாக்சி பிடித்துப் போங்கள் என்கிறான். "நான் என்ன அரிசி மூட்டையா, தூக்கி வைக்கறதுக்கு?" என்பாள். அன்றைக்கு எங்கேயும் போக மாட்டாள். வேன் போனால் அவள் வீட்டோடுதான். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வேன் மூன்று வாரமாகக் குலுங்கிக் குலுங்கி ஓடி வெள்ளைப் புகை கக்கிக்கொண்டிருந்தது. எங்கள் வட்டாரத்து மெக்கானிக் ஒருவர் புகையைப் பார்த்ததுமே என்ஜின் முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார். எனக்குப் பொறுமை குறைவு. அன்று மாலையே இரும்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டேன்.

காலை 8.10க்குப் புறப்பட்டோம். முந்தின நாள்தான் டேங்க் நிறைய டீசல் ஊற்றியிருந்தேன். டோல் இல்லாத சாலை. வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நல்லபடியாகத்தான் போனது. குருபோங் தாண்டும்போது, சரியாக 12.8ஆவது கிலோமீட்டரில், உடம்பை உதற ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் புகையில் காணாமல் போயிருந்தார். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒதுங்கினோம். நுரை பொங்க ஆற்றிய தேநீர், அதாவது தே தாரிக் இரண்டு, ஒரு தோசை, ஒன்பது ரிங்கிட். கடைக்கு ஒரே ஒரு படி, பக்கவாட்டில் சரிவும் உண்டு. சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்துக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. மல்லிகா சிரித்தாள். "அதுக்கும் தே தண்ணி வேணும் போல." நான் சிரிக்கவில்லை. 13.1 கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே குலுக்கல், அதே புகை. மிச்சம் நாலு கிலோமீட்டரை ஊர்ந்து கடந்து, அலோர் காஜாவில் ஓர் உதிரிப்பாகக் கடையில் விசாரித்தோம். தேவா என்பவரின் வொர்க்‌ஷாப்பைக் காட்டினார்கள்.

தேவாவுக்கு நாற்பது வயதிருக்கும். ஸ்பானரை எடுக்கவில்லை, கேள்விதான் கேட்டார்.

"புகை என்ன கலர்ணே?"

"வெள்ளை."

"கறுப்புன்னா காத்து பத்தல. நீலம்னா என்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைன்னா டீசல் சரியா எரியாம வெளிய வருது, இல்லாட்டி உள்ள தண்ணி போவுது. ரேடியேட்டர் தண்ணி குறையுதா?"

"இல்லை."

"எப்போ ஆரம்பிக்குது?"

நான் யோசிப்பதற்குள் மல்லிகா இந்த வலைப்பதிவுக்காக நான் குறித்து வைக்கும் நோட்டை எடுத்து வாசித்தாள். "12.8, நின்னோம், 25 நிமிஷம். அப்புறம் 13.1." கிலோமீட்டர் குறிக்கிற பைத்தியம் என்று என்னைக் கிண்டல் செய்கிறவள் அவள்தான்.

தேவா தலையாட்டினார். "ரெஸ்ட் கொடுத்தா சரியாவுதுன்னா என்ஜின் நல்லாத்தான் இருக்குலா. டீசல்தான் வர முடியாம தவிக்குது." நேராகப் போய் வேனின் பக்கவாட்டிலிருந்த சின்னக் கதவைத் திறந்து டேங்க் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. அந்தச் சத்தம் எனக்குப் புதிதில்லை. முந்தின நாள் டீசல் ஊற்றும்போதும் கேட்டேன். வயதான வண்டி, பெருமூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மூடியைத் திருப்பிக் காட்டினார். காற்று போக ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. அதில் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வழியில்லை. டேங்க் இழுத்துப் பிடிக்க, பம்ப் தடுமாறி, பழைய ரப்பர் குழாயின் இணைப்பு வழியாகக் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அதனால்தான் டீசல் சரியாக எரியாமல் வெள்ளைப் புகை; நிறுத்தி வைத்தால் அதே வழியாகக் காற்று மெல்ல டேங்குக்குள் போய் இழுப்பு தளர்ந்துவிடும்.

"இங்க யாரு பொட்டு வச்சது?"

மல்லிகா கையைத் தூக்கினாள். "மூணு வாரம் முன்னாடி ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன். கை எட்டின எடம் அதுதான் தம்பி."

எனக்குச் சுருக்கென்றது. அன்று நான் முன்கண்ணாடிக்குப் பட்டை போட்டு, மாலை கட்டி, படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபக்கம் தனியாக என்ன செய்தாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் உட்கார்ந்த உயரத்துக்கு எட்டுவது அந்தச் சின்னக் கதவும் மூடியும்தான்.

தேவா ஓட்டையை ஊசியால் குத்தி, ஒரு சாண் குழாயை மாற்றி, காற்றை வெளியேற்றினார். நாற்பது நிமிடம், முப்பத்தைந்து ரிங்கிட். அங்கிருந்து தோட்டம் 9 கிலோமீட்டர், திரும்பி வீடு வரை 39. புகை இல்லை, குலுக்கல் இல்லை. மீன் குழம்பு முதல் நாள் வைத்தது, சொல்லவே வேண்டாம். அங்கிருந்தே இரும்புக்காரரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றேன். மல்லிகா தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

பழைய டீசல் வண்டியோடு இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புகையின் நிறத்தைப் பாருங்கள், எத்தனை கிலோமீட்டரில் தொல்லை தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். ஓரமாக நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து காது கொடுங்கள். ஒரே ஆள் பேச்சைக் கேட்டு வண்டியை எடைக்குப் போடாதீர்கள். நான் போட இருந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு வீடு. மல்லிகா தானே இறங்கி, நேராக டேங்க் பக்கம் போய் நாற்காலியை நிறுத்தினாள். சந்தனமும் குங்குமமும் கேட்டாள். எடுத்து வந்தேன். மூடியை விட்டுவிட்டு, அந்தச் சின்னக் கதவின் உள்பக்கம் பார்த்து நிதானமாக ஒரு பொட்டு வைத்தாள். முடியும்வரை கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.