கோபால்ட் ரைடரும் விஜய்ஆனந்தின் பெரிய மனசும்

“பொறாமையா? எனக்கா? அண்ணே, அந்த நரம்பையே எனக்கு வைக்க மறந்துட்டாரு ஆண்டவன். நாளைக்கே எனக்கு ஆகாதவன் மூஞ்சியக் கொண்டாங்க. நாப்பதடி உயரத்துக்கு அடிச்சு, தலையில கிரீடமும் வச்சுத் தர்றேன்.”

இப்படியொரு பிரகடனத்தை வெளியிட்டவன் விஜய்ஆனந்த். வில்லாபுரம் மெயின் ரோட்டில் ஒரு பிளெக்ஸ் கடையில் டிசைனர். வெளியிட்ட சமயத்தில் அவன் நாற்காலிக்கு இடதுபுறம் மணமகனின் தாய்மாமனும் வலதுபுறம் சித்தப்பாவும் நின்று, கல்யாண பேனரில் யார் முகம் பெரிது என்று ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருந்தார்கள். பிரகடனத்தைக் கேட்டதும் இருவரும் வெட்கப்பட்டுக் கையை எடுத்தார்கள். தாய்மாமன் முகம் மட்டும் அரை அங்குலம் கூடுதலாகவே வந்தது. அது வேறு விஷயம்.

மதுரையில் அப்போதுதான் பெயிண்டில் எழுதிய தட்டிகள் ஒழிந்து பிளெக்ஸ் தலையெடுத்திருந்தது. சடங்கு, காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் முச்சந்தியில் முகம் நின்றாக வேண்டும். ஒரு மனிதனுக்கு ஊரில் என்ன மரியாதை என்பதை முகத்தின் அகலத்தை வைத்தே சொல்லிவிடலாம். அந்த அகலத்தைத் தீர்மானிக்கிற மவுஸ் விஜய்ஆனந்தின் கையில் இருந்தது. சௌராஷ்டிரக் குடும்பம். அப்பா ராதாகிருஷ்ணன் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். மகன் மனிதர்களின் கன்னங்களுக்குச் சாயம் ஏற்றினான். ஊரார் பொறாமையைப் பகலெல்லாம் பார்த்துப் பார்த்து, தான் மட்டும் அந்த வியாதிக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவன் என்று உண்மையாகவே நம்பினான்.

கடை அடைத்ததும் அவன் போகிற இடம் நாலு கடை தள்ளியிருந்த நெட் சென்டர். அங்கே அவன் டிசைனர் அல்ல, பீடாதிபதி. விஷயம் இதுதான். ‘கோபால்ட் ரைடர்’ என்று ஒரு கம்ப்யூட்டர் கேம். நீல நிற மோட்டார் பைக்கில் ஒருவன் பாழடைந்த நகரங்களின் வழியே ஓட்டிக்கொண்டே போவான். முதல் பாகம் அவன் உடைந்த பாலத்தின் நுனியில் வந்து நிற்பதோடு முடிந்துவிட்டது. இரண்டாம் பாகத்தில்தான் அவன் தாண்டுவானா மாட்டானா என்பது தெரியும். அதை எடுத்த அமெரிக்கக் கம்பெனி ‘இதோ வருகிறது’ என்று சொல்லிவிட்டு வருஷக்கணக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. வில்லாபுரத்தில் அந்தப் பாலத்து நுனியிலேயே ஒரு தலைமுறை நின்றுகொண்டிருந்தது. பிளஸ் டூவில் காத்திருக்க ஆரம்பித்தவர்களில் ஒருவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் ஆகிவிட்டது.

எப்போது வரும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் விஜய்ஆனந்திடம் இருந்தது. ஆங்கில வெப்சைட்டுகளைப் படிப்பான். கம்பெனி வெளியிட்ட படங்களைக் கடை பிரிண்டரில் பெரிதாக எடுத்து வந்து, அச்சுப்புள்ளி பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து ஆராய்வான். ஒருமுறை பைக்குக்குப் பின்னால் மூலையில் ஒரு பூசணிக்காயைக் கண்டுபிடித்தான். “பூசணிக்கா அங்க அக்டோபர்ல வர்ற பேய்த் திருவிழாவுக்குத்தான்டா வைப்பாய்ங்க” என்றான். சென்டரில் கூடியிருந்த சபை சிலிர்த்தது. அக்டோபர் வந்தது, பூசணிக்காய் அழுகியது, கேம் வரவில்லை. “கணக்குல தப்பில்ல. கம்பெனிக்காரன்தான் சொதப்பிட்டான்” என்று தீர்ப்பளித்தான். சபை அதையும் ஏற்றுக்கொண்டது.

அவன் கணக்குக்கு ஓர் இலக்கணம் இருந்தது. முதலில் காலண்டரை எடுத்து, எந்தெந்த நாளில் வராது என்று கழிப்பான். ஆடி மாசம் போச்சு. மார்கழி போச்சு. அஷ்டமி, நவமி போச்சு. எல்லாவற்றுக்கும் மேலாகச் செவ்வாய்க்கிழமை, அத்தனை வாரத்துச் செவ்வாயும் அடியோடு போச்சு.

“அமெரிக்காக்காரனுக்குச் செவ்வா என்ன, வெள்ளி என்ன?” என்று யாரோ ஒருநாள் கேட்டுவிட்டான்.

“இம்புட்டுக் கோடி போட்டு எடுக்குறவன் நாள் பாக்காமயா விடுவான்? நம்ம ஊர்ல ஒரு பெட்டிக்கடையச் செவ்வாக்கிழமை தொறப்பியா நீயி?”

மதுரையில் அதற்கு மேல் வாதம் கிடையாது.

இந்தச் சபையில் ஒரு சட்டமும் இருந்தது. யார் சொன்ன தேதியில் கேம் வருகிறதோ அவனுக்குத்தான் முதல் கை. சென்டரின் ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அவன் ஆடிய பிறகே மற்றவர்கள் தொடலாம். அதோடு, பஸ் ஸ்டாப்பில் அவனுக்கு ஒரு பிளெக்ஸ். சட்டத்தைக் கொண்டுவந்தவன் விஜய்ஆனந்தேதான். வேறு யார் ஜெயிக்கப் போகிறார்கள்? அந்த பிளெக்ஸை டிசைனும் செய்து வைத்துவிட்டான். நீல வானம், பாலம், கூலிங் கிளாஸ் போட்ட தன் முகம், அடியில் ‘தேதி சொன்ன தீர்க்கதரிசியே!’ தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தான். வேலை இல்லாத மத்தியானங்களில் அந்த ஃபைலைத் திறந்து, தன் கன்னத்தில் இருந்த ஒரே பருவையும் அழித்துவிட்டு மூடுவான்.

அப்போதுதான் அழகுபாண்டி வந்து சேர்ந்தான். எழுமலைக்காரன், விவசாயக் குடும்பம். வில்லாபுரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தான். கேம் என்றால் போனில் வருகிற பாம்பு கேம் மட்டும்தான் தெரியும். சென்டருக்கு அவன் வந்ததே ஏசிக்காக. சும்மா உட்கார்ந்திருந்தவனை, ஓனர் கருத்தக்கண்ணன்தான் இழுத்துவிட்டார்.

“ஏப்பா எழுமல, நீயும் ஒரு தேதி சொல்லு.”

“எதுக்குண்ணே?”

“கோபால் ரைடருக்கு.” கோபால்ட் என்பது அவர் வாயில் கடைசிவரை கோபாலாகவே இருந்தது.

அழகுபாண்டி கொஞ்சம் யோசித்தான். “சிவராத்திரி கழிஞ்சு வர்ற செவ்வாக்கிழமை வரும்ணே.”

விஜய்ஆனந்துக்குச் சிரிப்பு வந்தது. “எதை வச்சுடா சொல்ற?”

“சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போயிருவேன். செவ்வாக்கிழமதான் எங்க கடை லீவு. அன்னைக்கு வந்தாத்தானண்ணே நானும் பாக்க முடியும்?”

சென்டரே குலுங்கிச் சிரித்தது. அழகுபாண்டியும் சேர்ந்து சிரித்தான். சிரித்தவர்களில் சத்தமாகச் சிரித்தவன் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தை மாசக் கடைசியில் கம்பெனி வாயைத் திறந்தது. தேதியை அறிவித்தது. கருத்தக்கண்ணன் காலண்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சிவராத்திரி கழிந்து வருகிற செவ்வாய்க்கிழமை.

“ஏய், எழுமல ஜெயிச்சுட்டான்டா!”

அழகுபாண்டியைத் தோளில் தூக்கியதில் ஃபேன் அவன் தலையைச் சீவாமல் தப்பியது குலசாமி புண்ணியம். விஜய்ஆனந்தும் கை தட்டினான். கை தட்டுகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, கையைத் தூக்கி வைத்துக்கொண்டு தட்டினான். அமெரிக்காவில் கேம்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் வெளிவரும் என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு வெப்சைட்டில் படித்தான். அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

“என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? யார் மேலயாவது பொறாமையா?” என்று தங்கை ரம்யாஸ்ரீ தங்கள் வீட்டு மொழியில் கேட்டாள். தமிழில் கேட்டிருந்தாலும் அதே அளவு சுட்டிருக்கும்.

“பசியில்ல” என்றான்.

மறுநாளிலிருந்து சபை இடம் மாறியது. அதுவரை விஜய்ஆனந்த் வந்தால் ஏசிக்கு நேர் கீழே இருக்கிற நாற்காலி தானாகக் காலியாகும். இப்போது அதில் அழகுபாண்டி. அவனிடம் வந்து, செமஸ்டர் ரிசல்ட் எப்போது வரும், தண்ணி லாரி எப்போது வரும், தனக்குப் பெண் எப்போது அமையும் என்றெல்லாம் கேட்டார்கள். அவனும் சளைக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரு செவ்வாய்க்கிழமையைச் சொன்னான். தண்ணி லாரி செவ்வாய்க்கிழமையே வந்தும் தொலைந்தது.

சென்னையிலிருந்து டிஸ்க் வந்த அன்று ஒன்றாம் நம்பர் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். அழகுபாண்டி அதன் முன் உட்கார்ந்தான். கம்பெனியின் சின்னம் திரையில் சுழன்று வந்ததும் விசில் பறந்தது. பிறகு திரை கறுத்தது. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. விஜய்ஆனந்த்தான் படித்துச் சொன்னான்.

“இந்த மிசின்ல இருக்குற கிராபிக்ஸ் கார்டு பத்தாதாம். ஓடாதாம்.”

ஒரு கணம் அவன் நெஞ்சு லேசாயிற்று. அழகுபாண்டியின் புகழ் இதோடு சரி என்று நினைத்தான். கருத்தக்கண்ணன் அழகுபாண்டியின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

“ஓடலேன்னா என்னடா? தேதி சொன்னது சொன்னதுதான! மாப்ள விஜய், பிளெக்ஸ் எப்ப கட்டுறோம்?”

பாலத்தை யார் தாண்டினால் என்ன? சபைக்கு வேண்டியிருந்தது பிளெக்ஸ்.

அழகுபாண்டியிடம் இருந்தது பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, அதுவும் யாரோ மெயிலில் அனுப்ப வசதியாகச் சுருக்கி வைத்த தபால் தலை அளவு ஃபைல். “இது போதுமாண்ணே?” என்றான். இம்மாதிரி போட்டோவோடு வருகிற எந்த வாடிக்கையாளரிடமும் விஜய்ஆனந்த் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: ‘இதப் பெருசு பண்ணா மூஞ்சி உடைஞ்சிரும்ணே, வேற கொண்டாங்க.’ ஆயிரம் பேரிடம் சொன்ன வாக்கியம் அன்று அவன் நாக்கில் வரவில்லை.

“தாராளமாப் போதும்டா.”

நீல வானத்தைத் திறந்தான். கூலிங் கிளாஸ் போட்ட தன் முகத்தை எடுத்தான். அந்த இடத்தில் அழகுபாண்டியை வைத்து, மூலையைப் பிடித்து இழுத்தான். இன்னும் இழுத்தான். கண் ஒரு சதுரக் கூட்டமாயிற்று. மீசை மாடிப்படியாயிற்று. இழுப்பதை அவன் நிறுத்தவில்லை. பாலம், வானம், பைக் எல்லாம் மறைந்து பேனர் முழுக்க அழகுபாண்டியே ஆனான்.

பின்னால் நின்ற கருத்தக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஆத்தாடி, எம்புட்டுப் பெருசு! மாப்ள, தனக்கு வச்சிருந்த இடத்த அடுத்தவனுக்குக் குடுக்க ஒம் மனசு யாருக்குடா வரும்?”

“எனக்குத்தான் அந்த நரம்பே இல்லையேண்ணே” என்றான் விஜய்ஆனந்த் அடக்கமாக.

பஸ் ஸ்டாப்புக்கு எதிரே இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, பன்னிரண்டடி அகலத்துக்குப் பேனர் ஏறியது. விஜய்ஆனந்த் அதன் அடியிலேயே நின்று அண்ணாந்து பார்த்தான். மூக்கு எது, வாய் எது என்று சொல்ல முடியவில்லை. சுவருக்கு டைல்ஸ் ஒட்டியது போல இருந்தது. பல வாரத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

அந்த நேரம் பார்த்து எதிர்ப்பக்கம் டவுன் பஸ் வந்து நின்றது. அழகுபாண்டியின் அம்மா மாயக்காள் இறங்கினாள். எழுமலையிலிருந்து ஆரப்பாளையம் வந்து, அங்கிருந்து பஸ் மாறி, மகன் பேனரைப் பார்ப்பதற்கென்றே வந்தவள். இறங்கிய இடத்திலேயே கூடையைக் கீழே வைத்தாள்.

“ஏ யப்பே! எம்மகன்டி!” என்று பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அந்தக் கண்ணப் பாரு, அவுக அப்பனக் கொண்டு அப்படியே உரிச்சு வச்சிருக்கு!”

ரோட்டைத் தாண்டி வந்தவளிடம், பேனரடியில் நின்ற அழகுபாண்டி, “ஆத்தா, இந்த அண்ணன்தான் அடிச்சது” என்றான். மாயக்காள் விஜய்ஆனந்தின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியில் வைத்து விரல்களை முறித்தாள். படபடவென்று சத்தம் வந்தது. “எங்க வம்சத்துல ஒருத்தன் மூஞ்சியும் இம்புட்டு அழகா நின்னதில்ல சாமி. ஒங்கண்ணு பட்டுத்தான் எம்மகன் தொலங்கப் போறான். நல்லாயிருய்யா.”

விஜய்ஆனந்த் ரோட்டைத் தாண்டிப் பஸ் ஸ்டாப் பக்கம் போனான். திரும்பிப் பார்த்தான். அந்தத் தூரத்தில் சதுரங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்திருந்தன. அழகுபாண்டி பளிச்சென்று, சற்றே வாய் கோணி, வில்லாபுரம் முழுவதையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். பிளெக்ஸ் என்பது தூரத்திலிருந்து பார்ப்பதற்குத்தான் என்ற தொழிலின் முதல் பாடத்தை டிசைனர் மறந்துபோயிருந்தான்.

மறுநாள் காலையில் நல்லகாமன் என்பவர் திருவாதவூரிலிருந்து கடைக்கு வந்தார். தங்கை வீடு வில்லாபுரத்தில். அவள் பிள்ளைகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் முறைக்குப் பேனர் வைக்க வேண்டும்.

“எல்லாம் சரி தம்பி. கட்டுறதுக்கு நல்ல எடமா நீயே ஒண்ணு சொல்லேன்.”

விஜய்ஆனந்த் திரையிலிருந்து தலையை எடுக்கவில்லை. “பஸ் ஸ்டாப்புக்கு எதுத்தாப்புல ரெண்டு சவுக்குக் கம்பு நட்டிருக்கும்ணே. அதுக்கு முன்னாடி கட்டுங்க. ஊரே பாக்கும்.”

“அங்க ஏதோ ஒரு பய மூஞ்சி நிக்குதேப்பா?”

“அது முடிஞ்சுபோன விசேசம்ணே.”

நல்லகாமன் கேட்டது பத்தடி அகலம். விஜய்ஆனந்த் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அவர் கேட்காமலே இன்னும் இரண்டடி சேர்த்தான்.