கவர் கழற்றித் தராத ஜன்னலக்கா

ஜன்னலக்கா துளைபோடும் மிஷினைக் காதோரம் வைத்து, அதன் மூக்கைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறார். பிறகு ஒயரைப் பிடிக்கிறார். பிளக்கில் தொடங்கி மிஷினின் அடிவயிறு வரைக்கும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருவிக்கொண்டே வருகிறார். பாதி வழியில் விரல் நின்றுவிடுகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஃபிட்டரை நிமிர்ந்து பார்த்து, "இதை யாரு கடிச்சது?" என்கிறார்.

யாரும் கடிக்கவில்லை, நேற்று அந்த ஒயர்மேல் ஓர் இரும்புத் தகடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான் என்று ஃபிட்டர் விளக்குகிறார். "அதுவா வந்து உட்கார்ந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மிஷினைச் சிவப்பு மூடி போட்ட பெட்டிக்குள் வைக்கிறார். பட்டறையில் அந்தப் பெட்டிக்கு 'ஆஸ்பத்திரி' என்று பெயர். உள்ளே போனது குணமாகாமல் வெளியே வராது.

மாடிப்படிகளும் கைப்பிடிகளும் இரும்புக் கதவுச் சட்டங்களும் செய்யும் பட்டறை இது. நாற்பது பேர் வேலை செய்கிறோம். கருவி அறையின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்து ஒன்பது வருஷமாகிறது. அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவர் ஜன்னலக்கா. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். நான் மாடியில் இந்தப் படிகளுக்கும் கதவுகளுக்கும் படம் வரைகிறவன். என் மேஜைக்கு எதிரே உள்ள கண்ணாடி வழியாகப் பார்த்தால் நேர் கீழே அந்த ஜன்னல். வரைகிற நேரத்தைவிட அதைப் பார்க்கிற நேரம் அதிகம் என்று மேனேஜர் சொல்வதுண்டு. முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

சுத்தியல் கேட்டால் அதன் தலையைப் பிடித்து, பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டுத்தான் தருவார். உளியின் தலை அடிவாங்கிக் காளான்போல் விரிந்திருந்தால், விளிம்பைத் தேய்த்து எடுத்த பிறகுதான் கைக்கு வரும். அந்த விளிம்பு தெறித்தால் தோட்டா மாதிரி போகும் என்பார். பிடி இல்லாத அரத்தைக் கேட்டுப் பாருங்கள், உங்களையே ஆஸ்பத்திரிப் பெட்டிக்குள் போடலாமா என்று யோசிப்பார். திருப்பித் தரும் ஸ்பேனரை ஒருமுறை புரட்டிப் பார்த்தே, "இதால எதை அடிச்சீங்க?" என்று கேட்டுவிடுவார். இல்லை என்று சாதித்து ஜெயித்தவர் இதுவரை யாரும் இல்லை.

சுழலும் மிஷினில் வேலை செய்பவர்கள் மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ள ஆணிகளில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். போன மாதம் கல்யாணமான வெல்டர் ஒருவர், மோதிரத்தைக் கழற்றினால் மனைவி கோபித்துக்கொள்வாள் என்று இழுத்தார். "அவங்களை என்கிட்ட அனுப்பு. விரல் வேணுமா, மோதிரம் வேணுமான்னு நான் கேட்டுக்கறேன்" என்றார் ஜன்னலக்கா. அந்த வாரமே அந்தப் பெண் நிஜமாகவே வந்தாள். இருவரும் ஜன்னலின் இரண்டு பக்கமும் நின்று கால்மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். அன்றிலிருந்து மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார் வெல்டர்.

வீட்டிலும் இப்படித்தானாம். மிக்சி ஜாடியைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, அதைக் கண்ணெதிரே மேடையில் வைத்துவிட்டுத்தான் ஜாடியைக் கழற்றுவாராம். கணவர் தையல்காரர். ஊசி ஓடும்போது பேசாதே என்று இவர் சட்டம் போட்டிருப்பதால், வீட்டில் பாதி நாள் அமைதியாகப் போகிறது என்று ஒருமுறை பட்டறைக்கு வந்தபோது கணவர் என்னிடம் சொன்னார். புகாரா நன்றியா என்று முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பின்னால் ஏதோ பெரிய விபத்து இருக்க வேண்டும் என்று புதிதாகச் சேருபவர்கள் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். கேட்டும்விட்டேன். "ஒண்ணும் நடக்கலை. ஏதாவது நடந்தாத்தான் கவனமா இருக்கணுமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பட்டறையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடிப்பதில் முதல் ஆள் பொறியண்ணன். வேலை செய்யும்போது அவரைச் சுற்றி எப்போதும் தீப்பொறி பறப்பதால் வந்த பெயர். வெல்டு வைத்த இடத்தை அவர் தேய்த்து முடித்தால், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் ஒட்டு எங்கே என்று தெரியாது. அவர் ஜன்னலக்காவின் கூடப்பிறந்த அண்ணன். தங்கைக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாடிப்படிக் கைப்பிடிகள் செய்துகொண்டிருந்தோம். முதல் தொகுதியை மறுநாள் காலை லாரியில் ஏற்றியாக வேண்டும். படி திரும்புகிற இடத்தில் இரண்டு குழாய்கள் குறுகலான கோணத்தில் சேருகின்றன. அவற்றுக்கு நேர் கீழே ஒரு தூண். குழந்தைகள் கை வைக்கிற இடம், வழவழவென்று இருக்க வேண்டும். ஆனால் அந்த மூலைக்குள் கிரைண்டர் போகவில்லை. சக்கரத்தின் பாதியை மறைத்திருக்கும் இரும்பு மூடி, பட்டறைப் பேச்சில் கவர், தூணில் போய் இடித்தது.

பொறியண்ணன் ஜன்னலுக்கு வந்தார். சின்ன கிரைண்டரின் கவரைக் கழற்றிவிட்டு, பெரிய மிஷினின் ஏழு அங்குலச் சக்கரத்தை அதில் மாட்டித் தரும்படி கேட்டார். உள்ளே எட்டும், அரைமணி நேர வேலை என்றார்.

ஜன்னலக்கா அந்தச் சக்கரத்தை எடுத்து, அதன்மேல் அச்சிட்டிருந்த எழுத்தை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது நிமிஷத்துக்கு எட்டாயிரத்து ஐநூறு சுத்து வரைக்கும்தான் தாங்கும். இந்த மிஷின் பதினோராயிரம் சுத்தும். உடைஞ்சா தடுக்கறதுக்குக் கவரும் இருக்காது. தர மாட்டேன் அண்ணா."

வரிசையில் ஆறு பேர் நின்றிருந்தார்கள். பொறியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷமாக இதே கையால் வேலை செய்கிறேன், நேற்று வந்தவளிடம் பாடம் கேட்க வேண்டியதில்லை என்றார். அதோடு நின்றிருக்கலாம். "உன்னை இந்த நாற்காலியில உட்கார வச்சதே நான்தான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

மேனேஜர் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனில் சமாதானம் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனவர். இந்த ஒரு தடவை கொடுங்கள் என்றார். ஜன்னலக்கா மாட்டேன் என்றார். நாற்பது பேர் வேலை உங்கள் ஒருவரால் நிற்கிறது, இப்படியே போனால் உங்களை பேக்கிங்குக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார் மேனேஜர். "மாத்துங்க சார். ஆனா இந்த ஜன்னல்ல இருக்கிற வரைக்கும் என் கையால தர முடியாது" என்றார் ஜன்னலக்கா. குரல் உயரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன. மேனேஜர் திரும்பிப் போய்விட்டார்.

பொறியண்ணன் பக்கத்துப் பட்டறைக்குப் போய், கவர் இல்லாத ஒரு மிஷினை இரவல் வாங்கி வந்தார். பெரிய சக்கரத்தை மாட்டினார். பக்கத்தில் இருந்த எல்லாரையும் தள்ளிப் போகச் சொன்னார். அதிலிருந்தே அவருக்கும் உள்ளுக்குள் பயம் இருந்தது தெரிந்தது.

அந்த நாற்பது நிமிஷத்தை நான் மேலிருந்து பார்த்தேன். ஜன்னலக்கா சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார் வந்து எது கேட்டாலும் காதில் விழவில்லை. கிரைண்டரின் சத்தம் கீச்சென்று ஏறும்போதெல்லாம் அவர் தோள்கள் ஏறின. ஒரு தடவை சத்தம் சட்டென்று நின்றது. அவர் எழுந்துவிட்டார். பொறியண்ணன் குந்தியிருந்த காலை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். இவர் மறுபடி உட்கார்ந்தார்.

ஒன்றும் ஆகவில்லை. வேலை முடிந்தது, மூலை கண்ணாடிபோல இருந்தது. பொறியண்ணன் ஜன்னலைக் கடந்து போகும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி, "எண்ணிக்கோ, பத்தும் இருக்கு" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஜன்னலக்கா பெட்டியைப் பழையபடி சுவரில் மாட்டினார்.

அதன்பின் அண்ணன் தங்கையிடம் பேசவில்லை. கருவி வேண்டுமானால் வேறு யாரையாவது அனுப்பினார். அவர்கள் வீடுகளுக்கு நடுவே ஒரு தெருதான். அந்தத் தெருவும் நீளமாகிவிட்டது என்று தையல்காரர் மூலமாகக் கேள்விப்பட்டேன். பட்டறையிலும் ஒரு மாதிரியான சிரிப்பு சுற்றி வந்தது. 'கவர் போட்டாச்சா?' என்று டீ கிளாஸைக்கூட மூடிக் காட்டினார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஜன்னலக்கா மாடி ஏறி என் அறைக்கு வந்தார். ஒன்பது வருஷத்தில் முதல்முறை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஒண்ணும் ஆகலையே சார். அப்ப நான் பண்ணது தப்பா?"

ஒருநாள் ஆகாததால் எப்போதும் ஆகாது என்று அர்த்தமில்லை என்று ஏதோ சொன்னேன். அதை அவரே ஆயிரம் தடவை யோசித்திருப்பார். தலையை ஆட்டிவிட்டு, மேஜைமேல் விரித்திருந்த படத்தைப் பார்த்தார். அடுத்த வாரம் செய்யவேண்டிய இரண்டாம் தொகுதி. அதே கைப்பிடி, அதே மூலை, பன்னிரண்டு இடங்களில். அந்த மூலையின்மேல் விரலை வைத்து, "இந்தத் தூண் இங்கதான் இருக்கணும்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

சொன்னது நான்தான். காகிதத்தில் அழகாக இருந்தது, வரைந்தேன். அந்த இடத்தில் ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து மிஷினை உள்ளே விட வேண்டுமே என்று பென்சில் பிடித்திருந்த நேரத்தில் ஒருதரம்கூடத் தோன்றவில்லை. அண்ணனும் தங்கையும் பேசாமல் இருப்பதை ஐந்து நாளாகக் கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். வெட்கமாக இருந்தது.

படத்தைச் சுருட்டிக்கொண்டு நேராகப் பொறியண்ணனிடம் போனேன். ஜன்னலக்கா நாலடி தள்ளி, வேறு எதையோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டார். பொறியண்ணன் படத்தை இரண்டு நிமிஷம் பார்த்தார். "தூணை ஒரு சாண் தள்ளி வைங்க. கவரோடயே மிஷின் உள்ள போயிடும்" என்றார். பலம் குறையாதா என்று கேட்டேன். ஒரு சாணில் ஒன்றும் குறையாது, வேண்டுமானால் கணக்குப் போட்டுப் பாருங்கள் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "யாரு கேட்டீங்க? படம் மேல இருந்து வரும். தேய்ச்சுக் குடுன்னுதான் எல்லாரும் சொல்வீங்க" என்றார். பிறகு தங்கை நின்ற பக்கம் பார்க்காமலேயே, "அன்னிக்கு எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. வீம்புக்குத்தான் முடிச்சேன்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாங்கும். மேனேஜரிடம் கொண்டுபோனேன்; படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேக்கிங் பற்றிய பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

இரண்டாம் தொகுதி ஆரம்பித்த அன்று பொறியண்ணன் தாமே வரிசையில் வந்து நின்றார். ஜன்னலக்கா கவரோடு மிஷினைக் கொடுத்தார். பாதுகாப்புக் கண்ணாடியையும் கையுறையையும் தள்ளினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பு மூலைக்கு நாற்பது நிமிஷம் ஆனது, இப்போது பத்தே நிமிஷம்தான் ஆகிறது என்று எனக்குப் பிறகு சொன்னார்கள்.

மாலையில் அண்ணன் மிஷினைத் திருப்பித் தர வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் இரும்புத் தூள், புருவம் இரண்டும் சாம்பல் நிறம். அப்படியே குழாயடிக்குப் போய் முகம் கழுவத் திரும்பியவரை, "அண்ணா, இரு. தண்ணி பட்டா எல்லாம் கண்ணுக்குள்ள இறங்கும்" என்று ஜன்னலக்கா நிறுத்தினார். மேஜையிலிருந்து ஒரு மெல்லிய பிரஷ்ஷை எடுத்தார். பின்னால் எட்டுப் பேர் காத்திருக்க, ஐம்பத்திரண்டு வயது மனிதர் ஜன்னல் கம்பிக்கு நேராகக் குனிந்து கண்களை இறுக மூடிக்கொண்டார். தங்கை கம்பிக்கு நடுவே கையை நீட்டி, முதலில் இடது புருவத்தை, பிறகு வலது புருவத்தை, வெளிப்பக்கமாகத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.