அழாத நர்ஸ் மீது ஒரு புகார்

தொலைக்காட்சித் தொடரில் ஒரு கிழவி செத்துப்போனாள் என்பதற்காக எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் அன்று இரவு அடுப்பு எரியவில்லை. நான் கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் என் அக்காவைக் கேட்டுக்கொள்ளலாம். அடுப்பு மூட்டாதவர்களில் முதல் ஆள் அவள்தான்.

அது ஓர் ஆஸ்பத்திரித் தொடர். கட்டடத்திலேயே பெரிய டிவி அக்கா வீட்டில் இருப்பதால் மாலையானால் அவள் கூடத்தில் கால் வைக்க இடமிருக்காது. தரைத்தளத்து ரிட்டயர்டு டீச்சருக்கு மட்டும் தனி நாற்காலி. மூன்றாம் மாடியில் இருக்கும் வங்கி மேனேஜர் தொடர் பார்ப்பதெல்லாம் தன் தகுதிக்குக் குறைவு என்று நினைப்பவர். ஆகவே அவர் உட்காரமாட்டார். தண்ணீர்த் தொட்டி விஷயமாக ஏதோ பேச வந்தவர் மாதிரி வாசற்கதவில் சாய்ந்து நிற்பார். தொடர் முடியும்வரை நிற்பார். தொட்டியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

தொடரின் நாயகி ஒரு நர்ஸ். அவளுக்கு அழுவதுதான் முழுநேர உத்தியோகம். நோயாளிக்கு ஜுரம் வந்தால் அழுவாள், இறங்கினாலும் அழுவாள். அவள் அழுதால் டாக்டர் பாதி ஆபரேஷனை அப்படியே போட்டுவிட்டு வந்து கண்ணைத் துடைத்துவிடுவார். அன்றைக்கு அவள் கவனித்துவந்த பாட்டி இறக்கவேண்டிய நாள். பாட்டியும் லேசில் இறக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே அறிவுரை சொல்லி, இரண்டு விளம்பர இடைவேளைகளைத் தாண்டி, நர்ஸின் கையையும் டாக்டரின் கையையும் சேர்த்து வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினாள். நர்ஸ் கட்டிலில் விழுந்து கதறினாள். எங்கள் கூடமும் கூடவே கதறியது. வாசலில் நின்ற மேனேஜர் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக முணுமுணுத்தார்.

அந்த நேரம் பார்த்து என் அக்கா மகள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாள். அவள் நிஜமான நர்ஸ். கையில் பையோடு கூட்டத்தைத் தாண்டி வந்து, "அம்மா, சாப்பிட ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

கூடமே திரும்பி அவளை முறைத்தது. அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே, "இங்க ஒரு உயிர் போயிட்டிருக்கு, உனக்கு வயிறு ஒண்ணுதான் முக்கியமாடி?" என்றாள்.

நான் சமையலறையில் ரொட்டி எடுத்துக் கொடுத்தபடி, இன்றைக்கு வார்டில் எப்படி என்று கேட்டேன். இரண்டு பேர் போய்விட்டார்கள் என்றாள். நின்றபடியே ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தாள்.

இவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். வீட்டில் இவளுக்குக் கல்லு என்று பெயர். சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டு வந்து நின்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கை தப்பான பக்கமாகத் திரும்பியிருக்கிறது என்று அம்மாவிடம் தகவல் மட்டும் சொன்னாள். தகவலைக் கேட்டு மயக்கம் போட்டு விழுந்தது அக்காதான். அன்றிலிருந்து கல்லு. அவள் அப்பா போனபோதும் எல்லோருக்கும் போன் செய்து, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டு, அம்மாவைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க வைத்தது அவள்தான். அழவில்லை. அதை அக்கா இன்னும் மன்னிக்கவில்லை.

வார்டில் அவளுக்கு ஒரு பழக்கம். நோயாளிக்கு எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள். இடது பக்கம் திருப்புகிறேன், ஊசி குத்தப்போகிறேன், தண்ணீர் கொஞ்சம் சில்லென்று இருக்கும் என்று சொல்வாள். நினைவு இல்லாதவரிடமும் சொல்வாள். இறந்துபோனவரிடம்கூட, குழாயை எடுக்கிறேன், முகத்தைத் துடைக்கிறேன் என்று அதே குரலில் சொல்வாள். கூட இருக்கும் நர்ஸ்கள் கிண்டல் செய்வார்கள். அவர் என்ன பதிலா சொல்லப்போகிறார் என்று கேட்டால், சொல்லாமல் தொட்டால் நல்லாவா இருக்கும் என்பாள்.

வேலை ஒப்பந்தத்தில்தான். அடுத்த மாதம் கண்காணிப்பாளர் பரிந்துரை செய்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிந்து வெளியே. அவள் சம்பளத்தை விட்டால் அந்த வீட்டுக்கு வேறு போக்கு கிடையாது. பிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கும் தம்பி நான் ஒருத்தன் இருக்கிறேன், என் பிழைப்பே இழுபறி. ஆனால் அக்காவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. தொடரில் நர்ஸுக்கும் டாக்டருக்கும் கல்யாணம் நடக்குமா என்பதுதான் அவள் கவலை.

பாட்டி இறந்த மறுநாள், கண்ணீரைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி நேயர்களிடம் டிவிக்காரர்களே கேட்டார்கள். கேட்பானேன்? அக்கா கண்ணாடி முன் நின்று மூன்று தடவை அழுது பார்த்து நான்காவதை அனுப்பினாள். அது ஒளிபரப்பாகிக் கண் மூடித் திறப்பதற்குள் போயும்விட்டது. டீச்சர் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் பா எழுதினார். லிஃப்டுக்கு முன்னால் கூடி ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கலாம் என்று யாரோ சொல்ல, தொடரே பார்க்காத மேனேஜர் ஒரு நிமிடம் போதாது, இரண்டு நிமிடமாவது வேண்டும் என்று எழுதினார். வாட்ச்மேன் பதறிப்போய், எந்த வீட்டில் என்று கேட்டுக்கொண்டே ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் அவர் தலையில் அடித்துக்கொள்ளாமல் திரும்பிப் போனது அவருடைய பெருந்தன்மை.

சில வாரங்களில் மேனேஜருடைய அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. கல்லுவின் வார்டில்தான் சேர்த்தார்கள். நம்ம பெண் இருக்கிறாள் என்று கட்டடமே நிம்மதியாகத் தொடருக்குத் திரும்பியது. கல்லு அவருக்குச் சவரம் செய்துவிட்டாள், நகம் வெட்டினாள், தாத்தா தாத்தா என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். ஒரு காலையில் நிலைமை கைமீறியதும் மேனேஜருக்கு அவளே போன் செய்து உடனே வரச்சொன்னாள். அவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கிட்டே வந்து கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பெரியவரின் மூச்சு அடங்கியது.

"அப்பா போயிட்டாரு சார். கை இன்னும் சூடா இருக்கு, பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னாள். டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்த பிறகு குழாய்களை எடுத்து, முகத்தைத் துடைத்து, போர்வையைச் சரிசெய்தாள். அடுத்த கட்டிலில் மணி அடித்ததும் அங்கே போனாள்.

அடுத்த கட்டிலுக்குப் போனதுதான் குற்றம்.

துக்கம் விசாரிக்க அக்கா கூடத்தில் கூடியவர்கள் பெரியவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லுவின் நடிப்புக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெரிந்த பெண், ஒரே கட்டடத்தில் வளர்ந்த பெண், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று மேனேஜர் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். அந்தப் பாட்டிக்கு அந்த நர்ஸ் எப்படித் துடித்தாள் என்று டீச்சர் ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் கட்டிலில் விழுந்து புரண்டுகொண்டிருந்தபோது மற்ற நோயாளிகளை யார் பார்த்தது என்று கேட்டேன். மற்ற கட்டில்களில்தான் ஆளே இல்லையே என்றார் டீச்சர். அது உண்மைதான். அந்த ஆஸ்பத்திரியில் எப்போதும் ஒரு நோயாளிதான்.

மகளுக்காக அக்கா ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். "அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். நான் என்ன பண்றது, சொல்லுங்க" என்று அவள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். அன்று அக்காவிடம் வந்த கோபம் எனக்கு அதற்குமுன் யாரிடமும் வந்ததில்லை.

மேனேஜர் நேரே கண்காணிப்பாளரிடம் போய்ப் புகார் சொல்லிவிட்டார். நர்ஸ் அழவில்லை என்பது புகார். சிரிக்காதீர்கள், விசாரணையே வைத்தார்கள். வீட்டுப் பெரியவர் என்ற முறையில் நானும் கூடப் போனேன். கண்காணிப்பாளர் அம்மாள் ஆறிப்போன டீயை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் தொடரை உதாரணம் காட்டியதும், "எது, அந்தப் பாட்டி எபிசோடா?" என்று கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவரும் அந்தக் கூட்டம்தான். நிரந்தரம் இத்தோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கடைசியா அப்பா ஒரு தடவை கண்ணைத் திறந்தாரு மேடம். நான் இந்தப் பொண்ணு மூஞ்சியவேதான் பாத்துட்டிருந்தேன். இப்ப அழுவா, இப்ப அழுவான்னு. கடைசி வரைக்கும் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல மேடம்."

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அப்ப உங்கப்பா யாரைப் பாத்தாரு?"

தான் சொன்னது இன்னதென்று மேனேஜருக்கே அப்போதுதான் உறைத்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். நன்றாக மாட்டிக்கொண்டான், விடாதே கல்லு, உள்ளதைச் சொல்லி மூஞ்சியில் அடி என்று மனசுக்குள் கத்தினேன்.

மேனேஜர் கல்லு பக்கம் திரும்பினார். அந்த அதிகாரக் குரலைக் காணோம். "நீ பக்கத்துலதானேம்மா இருந்தே. அப்பா யாரைப் பாத்தாரு?"

"உங்களைத்தான் சார்."

அவர் அவள் முகத்தையே துழாவினார். பொய்யா நிஜமா என்று தேடினார். கல்லுவின் முகத்தில் எதைத் தேடி எடுக்க முடியும்? எந்த முகத்தின்மேல் புகார் சொன்னாரோ அதே முகம்தான். வேறு வழியில்லாமல் நம்பினார். நம்பியதும் உடைந்து அழுதார். மூக்கொழுக, தோள் குலுங்க, கேவிக் கேவி அழுதார். எந்தத் தொடரிலும் நான் அப்படி ஓர் அழுகையைப் பார்த்ததில்லை. கல்லு தண்ணீர் கொண்டுவந்து, "தண்ணி குடுக்கறேன் சார், மெதுவா குடிங்க" என்று சொல்லிக் கொடுத்தாள். புகார் வேண்டாம் என்று அவரே கையை ஆட்டினார். அந்த மாதக் கடைசியில் கல்லுவுக்கு நிரந்தரம் ஆயிற்று.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் எங்கள் கட்டடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை. மேனேஜர் இப்போது வாசலில் நிற்பதில்லை, கூடத்தில் சோபாவிலேயே உட்காருகிறார். அப்பா கடைசியாகத் தன்னைப் பார்த்த கதையை விளம்பர இடைவேளைகளில் சொல்கிறார். முதல் தடவை அப்பா பார்த்தார். அடுத்த தடவை பார்த்துச் சிரித்தார். அதற்கடுத்த தடவை கையை இறுகப் பிடித்துச் செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூடம் ஒவ்வொரு தடவையும் அழுகிறது. பாசம் என்றால் இதுவல்லவா பாசம் என்கிறார் டீச்சர். என் மகள்தான் கண்ணால் கண்ட சாட்சி என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள். அந்த மகளிடம் ஒருத்தரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு நாள் நான் அக்கா வீட்டுப் பிரிட்ஜை நகர்த்திப் போட்டுப் பின்புறத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்த கல்லு கை கழுவ அவள் பக்கத்தில் போய் நின்றாள். அக்கா கூடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் பெரியவர் நிஜமாவே கையைப் பிடிச்சாராடி?"

"அவர் சொல்லிட்டுப் போகட்டும்மா, விடு."

"நிஜமா மகனைத்தான் பாத்தாரா?"

கல்லு குழாயை மூடினாள். "இவர் கால்மாட்டுல நின்னாரும்மா. தாத்தாவுக்கு அவ்வளவு தூரம் தெரியாது."

"அப்ப யாரைப் பாத்தாரு?"

"என்னை."

அக்கா தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு பழைய குறையைத்தான் கேட்டாள், ஆனால் அந்தக் குரலில் குறை இல்லை. பயம் இருந்தது.

"அப்பக்கூட உனக்கு அழுகை வரலையாடி?"

"வந்துச்சும்மா. அழுதா கண்ணு மறைச்சிடும். அவர் என்னைப் பாக்கறப்போ நானும் அவரைப் பாக்கணும் இல்ல."