நைனாவின் இரண்டாவது பந்து

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெருவில் டிசம்பர் பிறந்துவிட்டால், யார் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஸ்டார் உயரத்தில் எரிகிறது என்பதுதான் பேச்சு. எங்கள் வீட்டை யாராலும் மிஞ்ச முடியாது. நைனா மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, மூங்கில் நட்டு, அதன் உச்சியில் கட்டுவார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு உருக்கும் கம்பெனியில் உலைக்கு முன்னால் நின்றவர். அவரால் முடியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த வருஷம், அவர் மாடிப்படியில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நுரையீரல் பழையபடி ஆகாது, ஆனால் மூச்சிழுக்கும் தசைகளைப் பழக்கினால் ஓரளவு நடமாடலாம் என்று ஆஸ்பத்திரியில் ஒரு சாமானைக் கொடுத்தனுப்பினார்கள். அடுத்தடுத்து மூன்று பிளாஸ்டிக் கூண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நீலப் பந்து, வாயில் வைக்க ஒரு பைப். இந்த வருஷம் ஸ்டாரை மாமா கட்டட்டும் என்றாள் அம்மா. நைனாவுக்கு வந்ததே கோபம்!

"நான் உசுரோட இருக்க சொல்லோ உன் தம்பி ஏறுவானா?"

பைப்பை வாயில் வைத்து ஊதினார். கண் பிதுங்க ஊதினார். பந்துகள் அசையவில்லை. ஒரு வாரம் விடாமல் ஊதிவிட்டு, சாமானை டிவி மேல் வைத்தார். "உன் தம்பியையே வர சொல்லு" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னார். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து நான் அதை எடுத்தேன். பைப்பைப் பார்த்தால் எனக்கு ஜூஸ் ஞாபகம்தான் வந்தது. உறிஞ்சினேன். மூன்று பந்தும் ஒன்றன்பின் ஒன்றாகத் துள்ளி மேலே போய் ஒட்டிக்கொண்டன. நான் போட்ட கூச்சலில் நைனா எழுந்துவிட்டார்.

"இன்னாடி பண்ண?"

"உள்ள இழுத்தேன் நைனா!"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகியது. "உலைகிட்ட நின்னா மூச்ச உள்ள இழுக்காத, வெளிய ஊதுன்னு சொல்லி சொல்லியே என்னை வளத்தானுங்க. இப்ப இழுன்னா எப்டிமா வரும்?" ஆஸ்பத்திரியில் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இவர் இருமிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார்.

அதற்கப்புறம் தினமும் எங்களுக்குள் போட்டி. நான் மூன்றையும் தூக்கிவிட்டுப் பெருமையாக நிற்பேன். அவர் கைதட்டிவிட்டு முதல் பந்தோடு மல்லுக்கட்டுவார். ஒரு காலையில் அது மேலே போய் நின்றது. பக்கத்துக் கூண்டில் இரண்டாவது பந்து லேசாக நடுங்கியது. அம்மா மிக்சியை நிறுத்தினாள். பந்து மெல்ல மெல்ல எழுந்து, உச்சியைத் தொட்டு, விழுந்தது. நான் சும்மா உறிஞ்சித் தூக்கும் பந்து, அவர் தூக்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று விளங்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஸ்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு நைனா படியேறினார். நான் கூடவே போனேன். திருப்பத்தில் நின்று கம்பெனிப் புகைக்கூண்டுகளைக் காட்டினார். மறுபடி நின்று தூரத்தில் போகும் ரயிலைக் காட்டினார். வேடிக்கை காட்டுகிறார் என்று நானும் சந்தோஷமாகப் பார்த்தேன். மாடியை அடைந்ததும் தொட்டிப் பக்கம் அவர் போகவேயில்லை. கைப்பிடிச் சுவரிலேயே கட்டி, சுவிட்சைப் போட்டார்.

அந்த வருஷம் தெருவிலேயே தாழ்வாக எரிந்தது எங்கள் ஸ்டார்தான். கீழே ஓடிவந்தபோது அம்மா படியடியில் நின்று, அதையே அண்ணாந்து பார்த்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒரே அவமானமாகப் போய்விட்டது. அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அழாதம்மா, அடுத்த வருசம் ஒசர கட்டிக்கலாம்" என்று ஆறுதல் சொன்னேன்.