மண்டபத்தில் சொன்ன பெயர்

விண்ணப்பத்தில் அந்தக் கேள்வி பத்தொன்பதாவது பக்கத்தில் இருந்தது. எந்த நாட்டிலாவது, எப்போதாவது, நீங்கள் கைது செய்யப்பட்டதோ காவலில் வைக்கப்பட்டதோ உண்டா? வழக்கு இல்லாமல் விடுவிக்கப்பட்டிருந்தாலும் குறிப்பிட வேண்டும். கீழே இரண்டு கட்டங்கள். ஆம். இல்லை.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊர். அங்கே முதியோர் இல்லத்தில் நான் நர்ஸ். வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது, வேலை விசா முடிய ஐந்து மாதம் இருந்தது. நிரந்தரமாகத் தங்குவதற்கான அனுமதி வந்தால் நானும் கணவரும் மகளும் இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் அதற்குள் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே மூக்கால் ஆங்கிலம் பேசத் தொடங்கியிருந்தாள். அவளைத் திரும்பக் கொண்டுபோய் எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

இதே கேள்விக்கு நான் ஏற்கனவே ஒரு முறை பதில் சொல்லியிருந்தேன். முதல் விசாவுக்கு தஞ்சாவூரில் ஒரு ஏஜெண்ட் படிவம் நிரப்பினார். "கேஸ் கீஸ் எதாவது இருக்கா மேடம்?" என்றார். "அதெல்லாம் இல்ல சார்" என்றேன். டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. சத்தியமாக வரவில்லை. எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தில் வைப்பதை யாரும் கைது என்று நினைப்பதில்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு விளக்குவதற்குள் நாக்கு தள்ளிவிடும். சாலையில் உட்காருவோம். போலீஸ் வந்து "எந்திரிங்கம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வேனில் ஏற்றும். சிலர் முந்திக்கொண்டு ஜன்னலோரம் இடம் பிடிப்பார்கள். முகூர்த்தம் இல்லாத மண்டபமாகப் பார்த்து இறக்கி, பெயர் எழுதி, மத்தியானம் தக்காளிச் சாதப் பொட்டலம் கொடுத்து, சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடும். மறுநாள் பேப்பரில் நாங்கள் கைதாகி விடுதலையானதாக நான்கு வரி வரும். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு.

நான் போனது ஒரே ஒரு முறை. வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்துகொண்டிருந்த காலம். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. முப்பது வீடுகள். நாங்கள் எல்லோரும் ஒரு மிராசுதாரின் நிலத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், வீடு இருந்த மண்ணும் அவருடையது. அவர் காலம் முடிந்ததும் வாரிசுகள் நிலத்தை விற்றார்கள். வாங்கியவர் எங்களைக் காலி செய்யச் சொன்னார். தெருவுக்கு டிவி கொடுத்த அரசாங்கம் அதை வைக்கிற மண்ணுக்கு மட்டும் பட்டா கொடுக்கவில்லை. வருடாவருடம் தாலுகா ஆபீஸ் ஜமாபந்தியில் மனு கொடுத்தோம், தாசில்தார்கள்தான் மாறினார்கள். கடைசியில் தஞ்சாவூர் சாலையில் உட்கார்ந்தோம். நான் நர்சிங் இரண்டாம் வருடம், லீவில் வந்திருந்தேன். வீட்டில் ஒருவர் விடாமல் எல்லோரும் வர வேண்டும் என்று தெருவில் பேசி முடிவெடுத்திருந்ததால் அம்மாவோடு போனேன்.

மண்டபத்தில் ஒரு பெண் போலீஸ் பெயர் எழுதிக்கொண்டு வந்தார். பெயர், அப்பா பெயர், வயது. அம்மா கணீரென்று தன் பெயரைச் சொன்னாள். அடுத்தது நான். எங்கள் கல்லூரி முதல்வர் சேரும்போதே சொல்லியிருந்தார், போலீஸ், போராட்டம் என்று ஏதாவது வந்தால் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று. நான் பெரியம்மா மகளான அக்காவின் பெயரைச் சொன்னேன். அப்பா பெயருக்குப் பெரியப்பா பெயரைச் சொன்னேன். வயதில் இரண்டு கூட்டிச் சொன்னேன்.

அக்கா அன்றைக்கு மறியலுக்கே வரவில்லை. முன்பணம் வாங்கிய நடவு என்பதால் குடமுருட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அவள் பெயர் எழுதப்பட்டால் அவளுக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். நினைத்தேன் என்றால் ஒரு நொடி. அந்த ஒரு நொடியை நான் இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

கணவரிடம் கேள்வியைக் காட்டியபோது சிரித்தார். அவர் முத்துப்பேட்டைப் பக்கம், குத்தகை விவசாயக் குடும்பம். "காவேரித் தண்ணிக்கு நானும் ரெண்டு தடவ மண்டபத்துல சாப்பிட்டுருக்கேன். அதெல்லாம் ஒரு கைதா? இல்லைன்னு போடும்மா" என்றார்.

"முன்னாடி இல்லைன்னு சொல்லிட்டு இப்ப ஆமான்னா, பொய் சொன்னோம்னு அனுப்பிருவாங்கங்க. இல்லைன்னு போட்டுப் பின்னாடி கண்டுபிடிச்சாலும் அனுப்பிருவாங்க."

"எப்படிக் கண்டுபிடிப்பான்? இந்தியாவுல இருந்து போலீஸ் சர்டிபிகேட் வரட்டும். அதுல என்ன இருக்கோ அதான் உண்மை."

சர்டிபிகேட்டுக்காக ஏழு வாரம் காத்திருந்தோம். அந்த ஏழு வாரமும் நான் மனுஷியாக இல்லை. டியூட்டியில் மாத்திரை வண்டியைத் தள்ளும்போதும் போனை எடுத்துப் பார்ப்பேன். பெயரைச் சரிபார்த்த பெரியவரிடமே திரும்பப் பெயர் கேட்டிருக்கிறேன். விசா முடியும் தேதியை ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியவள் நான்தான், அதைப் பார்த்துவிட்டு மகள் மீது எரிந்து விழுந்தவளும் நான்தான். பிறகு சர்டிபிகேட் வந்தது. என் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. கணவர் அன்று கேசரி கிண்டினார்.

எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. என் பெயரில் ஏன் பதிவு இல்லை என்று எனக்கல்லவா தெரியும்?

ஆறு வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குச் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டாள். ஸ்டேஷனில் விசாரித்தபோது மறியல் கேஸில் பெயர் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு வெகு முன்பே ஆட்சி மாறி, பட்டாவும் கிடைத்திருந்தது, மேடை போட்டுக் கொடுத்தார்கள். வழக்கையெல்லாம் வாபஸ் வாங்குவதாகவும் அந்த மேடையிலேயே சொன்னார்கள். எங்கள் தெருவின் வழக்கு மட்டும் எந்தக் கட்டுக்குள்ளோ கிடந்தது. அப்போது நான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தேன். அம்மா போனில் "அவளுக்கு பாஸ்போர்ட் கெடைக்கலடி" என்றாள். நான் "ஓ" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு முந்திய வருடம் அதே ஸ்டேஷனில் விசாரித்துத்தான் எனக்குப் பாஸ்போர்ட் வந்திருந்தது.

கேசரி கிண்டிய மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து, காரில் உட்கார்ந்தபடி அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை எட்டரை. மனதை ஆற்றிக்கொள்ளத்தான் கூப்பிட்டேன், உண்மையைச் சொன்னால். அது ஒன்றுமில்லாத விஷயம் என்று யாராவது சொல்ல வேண்டும்.

"ஏம்மா, அன்னிக்கு மண்டபத்துல வச்சாங்கள்ல, அது கைதாம்மா?"

"கைது இல்லாம என்னடி? விருந்துக்கா கூப்பிட்டான்?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒக்காந்தோம், ஏத்துனான், உள்ள வச்சான். அப்புறந்தான பட்டா வந்துச்சு. அதப் போயி இல்லன்னு சொல்லிக்கிட்டுத் திரியாத." பிறகு குரலைத் தணித்து, "அவ மறுபடி பாஸ்போர்ட்டுக்குப் போட்டுருக்கா. அதே ஊரு, அதே மாதிரி வேலை. நீ ஒண்ணும் கேட்டுக்காத" என்றாள்.

கேட்டுக்காத என்றால் என்ன அர்த்தம்? போனை வைத்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மண்வெட்டி சத்தம் கேட்டது. என்ன பேசுவது என்று தெரியாமல் வானிலை, மழை, சம்பா நாற்று என்று சுற்றிக்கொண்டிருந்தேன்.

"விசயத்துக்கு வாடி. அட்டெண்டன்ஸ் போட்டோ எடுக்க ஆள் வந்துருவான்" என்றாள்.

"அக்கா, அந்தக் கேசுல உன் பேரு..."

"நீ குடுத்தது."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"தெருவுக்கே தெரியும்டி. சம்மன் வந்துச்சுல்ல. மண்டபத்துல இருந்த உன் பேரு இல்ல, மண்டபத்துக்கே போகாத என் பேரு இருக்கு. இதுக்கு வக்கீலா வரணும்? ரெண்டு வாய்தாவுக்கு நான் போயி நின்னேன்."

தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். "ஏன்க்கா நீ கேக்கல?" என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

"கேக்கலாம்னுதான் இருந்தேன். சித்தி அழுதுச்சு. எம் பொண்ணு வாழ்க்கையே போயிரும்னுச்சு." அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. கூலியில் குறைத்தவரிடம் பேசுகிற குரலில் பேசினாள். "உன் பேரு எழுதியிருந்தா உனக்கு என்ன போயிருக்கும்?"

"காலேஜ்லேருந்து அனுப்பியிருப்பாங்க. வேலைக்கு வந்திருக்க முடியாது."

"எனக்கும் அதான போச்சு."

போட்டோ எடுக்கிற ஆள் வந்துவிட்டான் போலிருக்கிறது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வைப்பதற்கு முன் அவளே சொன்னாள். ஸ்டேஷனில் ரைட்டர் ஒரு வழி சொல்லியிருக்கிறார். அன்றைக்கு மண்டபத்தில் இருந்தது நான்தான், அக்கா இல்லை என்று நான் சத்தியம் செய்து எழுதி, பாஸ்போர்ட் நகலோடு அனுப்பினால், அதைச் சேர்த்து அறிக்கை அனுப்பலாமாம். "குடுத்தா குடு. குடுக்காட்டி நேரா சொல்லிரு. அன்னிக்கு சித்திகிட்ட சொன்ன மாதிரி ஓ போட்டுட்டுப் போயிராத."

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"நீ எழுதிக் குடுத்தா அது போலீஸ்ல இருக்கும். அப்புறம் இங்க இல்லைன்னு போட முடியாது. பொய்ப் பேரு குடுத்தேன்னும் எழுதணும். நம்ம பொண்ண நெனச்சுப் பாத்தியா?"

"பாத்தேங்க. வேற யாரையும் பாக்காமதான் இத்தனை வருசம் இருந்துருக்கேன்."

இரண்டு நாள் பேசவில்லை. சமைத்தார், மகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போனார், என்னிடம் மட்டும் பேசவில்லை. நான் அந்த இரண்டு நாளும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது நாள் லைப்ரரிக்குப் போனேன். அங்கே சத்தியப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருப்பார். கல்யாண மண்டபம் என்ற இடத்தை இரண்டு முறை படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போட்டார். அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அசலைத் தபாலில் சேர்த்தேன்.

அன்று சாயங்காலம் விண்ணப்பத்தைத் திறந்து பத்தொன்பதாவது பக்கத்தில் ஆம் என்று போட்டேன். முதல் பக்கத்தில், நீங்கள் பயன்படுத்திய வேறு பெயர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அதுவரை வெறுமனே தாண்டிப் போயிருந்தேன். அதில் அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். பின்னால் வந்து நின்ற கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னோடதையும் மாத்து. ரெண்டு தடவன்னு போடு. காவேரித் தண்ணின்னு எழுது, அவனுக்குப் புரியுதோ புரியலையோ."

பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பயந்தோம் என்பதைத் தவிர. முன்பு ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. எழுதினேன். சாலை மறியல் என்றால் என்ன என்று கேட்டு இன்னொன்று வந்தது. அதற்கும் எழுதினேன். பட்டா என்றால் என்ன என்று எழுதும்போது மூன்று முறை அடித்துத் திருத்தினேன். விசா முடியும் தேதி வந்தது, போனது. முடிவு வரும்வரை இருக்கலாம் என்று ஒரு தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அதில் இருந்தவரைக்கும் வீட்டில் ஒரு புதுத் தலையணை உறைகூட வாங்கவில்லை.

நடுவில் அக்காவுக்குப் பாஸ்போர்ட் வந்தது. படத்தை அனுப்பியிருந்தாள், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. சிங்கப்பூர் வேலைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள் என்று அம்மா சொன்னாள்.

எங்களுக்கு அனுமதி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். மூன்று பேருக்கும். கணவர் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, அம்மாவைக்கூடக் கூப்பிடாமல் அக்காவைக் கூப்பிட்டேன். அவள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்பாள் என்றும் ஒரு நப்பாசை இருந்தது.

"வந்துருச்சுக்கா. இனிமே இங்கயே இருக்கலாம்."

"சரி. நல்லது" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள். பின்னால் பிளாஸ்டிக் பையைக் கட்டுகிற சத்தம் கேட்டது. "எனக்கும் வெள்ளிக்கிழமை பிளைட்டு."

"சந்தோசமாப் போயிட்டு வாக்கா."

பை கட்டுகிற சத்தம் நின்றது. பிறகு கேட்டாள்.

"சித்தியோட மாத்திரை, எது காலையில, எது ராத்திரிக்குன்னு ஒரு தாளுல எழுதி வச்சிருக்கேன். பிரசர் பாக்க மாசத்துல ரெண்டு தடவ கூட்டிட்டுப் போவணும். சித்தப்பா தவறுனதுலேருந்து நாந்தான் போயிக்கிட்டிருந்தேன், சித்தி உங்கிட்ட சொல்லியிருக்காது. இந்தத் தாள நான் யாருகிட்டடி குடுத்துட்டுப் போறது?"