பெட்டி எப்போது எடுக்கிறது?

நான் ரயில் குத்தகைப் பத்திரம் எழுதுகிற வக்கீல் என்று சொன்னால், கொழும்பு வெள்ளவத்தையில் முதலில் கேட்பது, “லீசிங் கட்டாட்டி ரயிலையும் சீஸ் பண்ணுவாங்களா?” என்றுதான். கையெழுத்து வைத்துவிட்டுப் பத்திரத்தை வாசிக்கும் பழக்கமுள்ள நண்பர்களே, ஸ்டெல்லா அக்காவின் கதை உங்களுக்காக.

அனுதாபம்

கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா அக்காவின் கணவர் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசியவர். அவர் கடைசியாகப் பூசிய பெட்டி, ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, பழைய பெட்டிகளை வாடகைக்கு விடும் ஒரு கம்பனியிடம் கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து ஒருகொடவத்தையில் தேத்தண்ணிக் கடை போடுவது அக்காவின் எண்ணம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்தாகாவிட்டால் பழைய இரும்புக்கு வெட்டிவிடுவார்கள்.

அக்கா தொலைபேசியில் கேட்டது, “பெட்டி எப்ப எடுக்கலாம்?” எங்கள் கிளார்க் மோகன் எழுந்து நின்றுவிட்டார். இங்கே செத்த வீட்டில்தான், சவப்பெட்டி தூக்கும் நேரத்தை, ‘பெட்டி எப்ப எடுக்கிறது’ என்று கேட்பார்கள். அனுதாபம் தெரிவித்து, அடக்கம் எங்கே என்றும் விசாரித்தார். அக்கா கோபிக்கவில்லை. “அவரைக் கொண்டுபோய் மூண்டு வருஷம், தம்பி. இது அவர்ட மற்றப் பெட்டி.”

எடுத்தபடியே

குத்தகை முடிந்ததும் பெட்டியை எடுத்த நிலையிலேயே திருப்பித் தரவேண்டும் என்றது கம்பனியின் வரைவு. ஓடும் ரயிலுக்கு எழுதியதை அப்படியே இதற்கும் போட்டிருந்தார்கள். இந்தப் பெட்டிக்கோ கூரையில் இரண்டு ஓட்டை, உள்ளே புல். அந்த வாசகத்தை வெட்ட வைத்தது என் சட்ட அறிவல்ல, கம்பனி மனேஜரிடம் அக்கா பணிவாகக் கேட்ட ஒரு கேள்வி: “அப்ப, சுரண்டுற துருவை ஒரு போத்தல்ல போட்டு வைக்கட்டா?”

சில்லு

கடை போடவிருந்த நிலம் புறக்கோட்டை ஹார்ட்வேர் முதலாளி ஒரு ஹாஜியாருடையது. சக்கரச் சில்லுகளைக் கழற்றிப் பெட்டியைக் கொங்கிறீட்டில் இறக்கினால் உறுதியாக இருக்கும் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அப்படி இறக்கினால் அது நிலத்தோடு சேர்ந்த கட்டடம், நிலக்காரருக்கே சொந்தம் என்று பிறகு வழக்காட முடியும். கம்பனி பயந்து பேனாவை மூடிவிட்டது. சில்லோடு தண்டவாளத் துண்டில் நிற்கட்டும், பெட்டியில் தனக்கு உரிமையில்லை என்று ஹாஜியார் கடிதம் தரட்டும் என்றேன். தன்னைச் சந்தேகிக்கிறோம் என்று அவருக்கு வருத்தம். எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. அக்கா காலையிலிருந்து எங்கள் அலுவலக வாசல் வாங்கில் உட்கார்ந்திருந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து ஹாஜியார் கடிதத்தோடு வந்தார். “எங்கட ஆக்கள அடக்குறதுக்குப் பெட்டியே இல்ல, சேர். மையித்தைத் தூக்கிப்போற சந்தூக்கையும் பள்ளிவாசலுக்குத் திருப்பிக் குடுக்கோணும். இத வெச்சி நான் என்ன செய்ய?”

எடுத்த நாள்

பத்திரம் கையெழுத்தாகி, பாரந்தூக்கி வந்தது. உரிந்த வர்ணத்தில் அக்கா உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆட்கள் காத்திருந்தார்கள். நான் பத்திரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மோகன்தான் மெதுவாகக் கேட்டார், “அக்கா, எடுக்கலாமா?”

அக்கா கையை எடுத்தார். “அண்டைக்கு எடுக்க விடமாட்டன் எண்டு கத்தினனான். இண்டைக்கு நானே சொல்றன், எடுங்க.”

அந்தப் பத்திரத்தில் ‘பெட்டி’ என்றால் என்னவென்று அரைப் பக்கம் விளக்கம் எழுதியவன் நான்தான், இப்போது வாசித்தால் பாதி விடுபட்டிருக்கிறது.