தகப்பன் பெயரில் ஒரு கட்டுரை

கடந்த மாசியில், வயல் வட்டைகளில் பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நாட்களில், என் மனைவி தன் ஆய்வறிக்கையை அனுப்பினாள். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. ஐம்பதை நெருங்கும் வயதில், வேலையோடு வேலையாகப் பட்டப்படிப்பும் படித்துக்கொண்டிருந்தாள். வயலில் பாம்பு கடித்தவர்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஏன் சுணங்குகிறார்கள் என்பது அவள் எடுத்த விடயம். அறிக்கை ஏற்கப்படாவிட்டால் அடுத்த அணி மாணவரோடு சேர்ந்து இன்னொரு வருடம் இழுபட வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் அவளுடைய மேற்பார்வையாளரிடமிருந்து குரல் செய்தி ஒன்று வந்தது. அவர் இவளைவிட இளையவர், சித்தாண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மனைவியின் கை முழுக்க மீன் செதில். என்னைப் போடச் சொன்னாள்.

“அக்கா, அறிக்கை நல்லா இரிக்கு. ஆனா கடைசியில உள்ள உசாத்துணைப் பட்டியலப் பார்த்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சன். என்ட கட்டுரைய என்ட அப்பாவுக்குக் குடுத்திட்டீங்களே! அவர் உழவு மெசின் ஓடுறவர். பாம்பக் கண்டா மெசினுக்கு மேல ஏறி நிண்டு ஆளக் கூப்பிடுறவர்.” பிறகு குரல் மாறியது. “சிரிப்பு கிடக்கட்டும். இப்பிடியே போனா பரிசோதகர் திருப்பித்தான் அனுப்புவார். தமிழ்ப் பேர் எல்லாத்தையும் ஒருக்காப் பாருங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

மனைவி சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து கணினிக்கு முன்னால் இருந்தாள்.

“இந்தப் பேர ஏன் புள்ள மாத்தின?” என்றேன்.

“குடும்பப் பேர முழுசாப் போட்டு, மற்றத முதலெழுத்தாப் போடட்டாம். கம்பஸ் குடுத்த வழிகாட்டிப் புத்தகத்தில அப்பிடித்தானே கிடக்கு. நமக்குக் குடும்பப் பேர் என்ன? அப்பாட பேர்தானே?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னால் நிற்கும், பெரும்பாலும் ஓரெழுத்தாகச் சுருங்கி. ஆளை அழைப்பது பின்னால் வரும் சொந்தப் பெயரால். குடும்பப் பெயர் என்று ஒன்று எங்களிடம் இல்லை. பட்டியலை அடுக்கித் தரும் மென்பொருள் எல்லோருக்கும் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுக்கும். விளங்காமலே எங்கள் ஆட்களைச் சரியாகப் போட்டிருந்தது. இவளோ விதியை விளங்கி, ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி, தகப்பன்மாரை ஆசிரியர்களாக்கியிருந்தாள். கவனமில்லாதவருக்கு இந்தப் பிழை வந்தே இராது.

அன்றும் மறுநாளும் கட்டுரைகளைத் திறந்து, அச்சில் இருந்த பெயர்களை அவள் வாசித்தாள். நான் ஒப்பிட்டேன். இணையப் பக்கங்களுக்குப் பார்த்த திகதி போட வேண்டும் என்ற விதி எனக்குப் பிடித்திருந்தது. பக்கம் நாளைக்கு மாறலாம், இன்ன நாளில் இப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. சுகாதார வழிகாட்டல் ஒன்று அவள் முதலில் வாசித்ததற்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். அதை மறுபடி முழுக்க வாசித்து, ஒரு வசனத்தை மாற்றி, புதுத் திகதியைப் போட்டாள்.

ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. இரண்டு சொற்கள், இரண்டுமே ஆண் பெயர். எது தகப்பன், எது மகன் என்று பிடிபடவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் சிலர் முன்பின்னாக மாற்றியும் எழுதுகிறார்கள்.

“முதல்ல மென்பொருள் போட்டபடி விடுவம்,” என்றேன்.

“ஏலாது. இன்னொரு ஆள்ட கட்டுரையையும் அவர்ட அப்பாவுக்குக் குடுத்திட்டு இருக்கச் சொல்றீங்களா?”

கட்டுரையின் அடியில் மின்னஞ்சல் முகவரி இருந்தது. வியாழன் இரவே எழுதினாள். உசாத்துணை என்ற சொல்லை எத்தனையோ புத்தகங்களின் கடைசியில் பார்த்திருக்கிறேன். உசாவுதல் என்றால் கேட்டு விசாரிப்பது என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளி மத்தியானம் வரை பதில் இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு இரண்டு வரி வந்தது: முன்னால் இருப்பது தகப்பன் பெயர், பின்னால் இருப்பது தன் பெயர், இதை யாரும் இதுவரை கேட்டதில்லை.

“மென்பொருள் சொன்னதேதானே,” என்றேன்.

“அது சொன்னா அது நம்பட்டும். எனக்கு அந்த மனிசன் சொல்லணும்.”

திருத்திய அறிக்கையை அனுப்ப முன், முதற்பக்கத்தில் நின்றுவிட்டாள். அங்கே கலியாணத்துக்குப் பிறகு எழுதுகிற மாதிரி என் பெயர் முழுதாக, அதன் பின்னால் அவள் பெயர். என் பெயரை அழித்தாள். தன் தகப்பனின் முதலெழுத்தைப் போட்டு, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

“மறுகா ஒரு நாளைக்கு ஆரும் என்ட அறிக்கைய எடுத்துக் காட்டினா, ஏதும் பிழை விட்டு உங்கட பேரப் போட்டிருவாங்க,” என்றாள். “பாம்பக் கண்டா நீங்களும் ஓடுற ஆள்தானே.”

பின்னேரம் ஐந்து மணிக்கு முன் மேற்பார்வையாளரின் பதில் வந்தது. “அக்கா, சரி. பரிசோதகருக்கு அனுப்பிட்டன். அப்பாவுக்குச் சொன்னன், கட்டுரை அவரிட்ட இருந்து போயிற்று எண்டு. கவலப்படுறார்.”

இந்த முறை மனைவி சிரித்தாள். மத்தியானம் பிசைந்து வைத்த சோற்றைத் தேடிக்கொண்டு குசினிக்குப் போனாள்.